‘வேலை இருக்கா சார்?’ என்று கேட்பதற்கு முன்னால்

வேலைவாய்ப்பு முகாம் வேறு, நெட்வொர்க்கிங் நிகழ்ச்சி வேறு. நெட்வொர்க்கிங் நிகழ்ச்சியில், பழைய மாணவர்கள், உள்ளூர் ஆலை மேலாளர்கள், பெங்களூரிலிருந்து வரும் ஐ.டி. ஆட்கள் எனச் சிலரைக் கல்லூரிக்கு அழைத்து, ஒரு மாலைப் பொழுது மாணவர்களோடு பேசவிடுவார்கள். நேர்முகத் தேர்வும் கிடையாது, ஆஃபர் லெட்டரும் கிடையாது. அதனாலேயே பலர் போவதில்லை. போகிறவர்களும் முகாமுக்குப் போவது போலப் போய், பத்துப் பேரிடம் ரெஸ்யூமை நீட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தத் தாள்களில் பாதி நாற்காலி மேலேயே கிடக்கும்.

அந்த மாலையில் உங்களை நினைவில் வைக்கச் செய்வது, நீங்கள் கேட்கும் ஒரு நல்ல கேள்விதான். தயாரிப்பில் முக்கால்வாசி நேரத்தை அதற்கே கொடுங்கள்.

பத்து நாளுக்கு முன்பே பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் விருந்தினர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முழுப் பட்டியல் தயாராக இல்லை என்றால் நிறுவனப் பெயர்களாவது கிடைக்கும். அதில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டு பேரைக் கட்டாயம் பார்க்க வேண்டும், மூன்று பேரை முடிந்தால் பார்க்கலாம். ஒருவருக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன செய்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், அண்மையில் என்ன மாறியிருக்கிறது, உங்கள் கேள்வி என்ன. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமாக இருந்தால் ஆண்டறிக்கையை இறக்கி, நிர்வாகத்தின் அலசல் (Management Discussion and Analysis) பகுதியை மட்டும் படித்தால் போதும். சிறிய பட்டறைகளுக்கு இணையதளமே இருக்காது. அந்தத் தொழிலைத் தெரிந்தவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுவதுதான் வழி.

இந்த இடத்தில் சேலத்துப் பிள்ளைகள் தங்கள் கையில் இருப்பதைக் குறைத்து எடைபோடுகிறார்கள். சேலம் உருக்காலையில் உருளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலிருந்து நாணயத்துக்கான வில்லைகளும் வெட்டுகிறார்கள். மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் உள்ள ஆலை வாகன உதிரிபாகங்களுக்கான அலாய் ஸ்டீல் செய்கிறது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குக் குறித்த ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. ஜவ்வரிசிக்கு 1981-லேயே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இங்கே அமைந்துவிட்டது. உங்கள் அப்பா தறி ஓட்டுகிறவரோ, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவரோ என்றால், பாவு நூல் அறுந்தால் எவ்வளவு நேரம் போகும், பற்றவைக்கும்போது சேதாரம் எங்கே கூடும் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே உங்கள் காதில் விழுந்திருக்கும். அது உற்பத்தி அறிவு. அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஒரு கேள்வியை உருவாக்கிப் பார்க்கலாம். ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் வருகிறார், நீங்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ‘உங்க கம்பெனி என்ன சார் பண்ணுது?’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘ஆட்டோமேஷன் பண்ணுவீங்களா?’ என்றால் ஆமாம், இல்லை என்ற ஒற்றைச் சொல்தான் வரும். குச்சிக்கிழங்கை (மரவள்ளி) கழுவி, தோல் உரித்து, அரைத்து, மாவுப்பாலை வடிகட்டித் தெளியவைத்து, மாவைக் குருணையாக்கி வறுத்து, கடைசியில் களத்தில் வெயிலில் காயவைக்கிறார்கள். இத்தனையிலும் ஆலைக்காரரின் கையில் இல்லாதது வெயில் ஒன்றுதான். ஆக, ‘மழை நாளில் காயவைக்கிறதை எப்படிச் சமாளிக்கிறீங்க சார்? டிரையர் போட்டால் எரிபொருள் செலவு கட்டுப்படியாகுமா, திப்பிச் சக்கையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் எடுக்கிற வாயு அதுக்குப் போதுமா?’ என்று கேளுங்கள். அவர் இரவில் படுத்துக்கொண்டு யோசிக்கும் விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஐந்து நிமிடம் அவரே பேசுவார்.

எந்தத் துறை என்று உங்களுக்குத் தெரியாத ஒருவரிடம் கேட்க ஒரு பொதுக் கேள்வியும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘புதுசா சேர்றவங்க முதல் ஆறு மாசத்துல எங்க சார் தடுமாறுறாங்க?’ யாரிடம் கேட்டாலும் இதற்கு உண்மையான பதில் கிடைக்கும்.

அறிமுகம் முப்பது வினாடியைத் தாண்டக் கூடாது. தமிழில் சுமார் 35 முதல் 45 சொற்கள். ‘வணக்கம் சார், என் பேரு குமார். கருப்பூர் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். மோட்டார் அதிர்வை அளந்து, பேரிங் தேய்மானத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஒரு சின்ன புராஜெக்ட் பண்றோம். உங்க ஆலைல பராமரிப்பு எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஆசை.’ பெயர், படிப்பு, செய்கிற ஒரு வேலை, அவரிடம் ஏன் வந்தீர்கள். இவ்வளவே போதும். மதிப்பெண்ணும் பள்ளிப் பெயரும் அவர் கேட்டால் சொல்லலாம். வரி பிசகாமல் மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் அவர் ஒரு கேள்வி போட்டால் இழை அறுந்துவிடும். போனில் பதிவுசெய்து நான்கு முறை கேட்டால் எங்கே வேகம் கூடுகிறது என்பது தெரிந்துவிடும்.

அவர் எந்த மொழியில் தொடங்குகிறாரோ அதிலேயே பேசுங்கள். ஆங்கிலம் தடுக்கினால் தமிழுக்கு மாறுவதில் தவறே இல்லை. பாதியில் விழுங்கி நிறுத்துவதுதான் மோசம். முதல் சந்திப்பில் ‘சார்’, ‘மேடம்’. நாலைந்து வருட சீனியர் ‘அண்ணான்னே கூப்பிடுப்பா’ என்று சொன்ன பிறகு அண்ணா.

உடை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தேய்த்த பருத்திச் சட்டையோ சுடிதாரோ போதும், டை வேண்டாம். புது ஷூவை அன்றைக்கே முதல்முறையாக மாட்டாதீர்கள். மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், குதிகால் உரிந்துவிடும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் சட்டையை மடித்துப் பையில் கொண்டுவந்து, சேலத்தில் மாற்றிக்கொள்வது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவு, கூட்டமான பஸ், அதற்குமேல் சமவெளி வெயில். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் மலை இறங்காதீர்கள்.

ஒரே பக்க ரெஸ்யூம் ஐந்து நகல் போதும், கேட்டால் மட்டும் கொடுங்கள். லிங்க்டுஇன் க்யூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

உள்ளே போனதும் நடக்கும் முதல் தவறு, வகுப்புத் தோழர்கள் ஐந்து பேர் வட்டமாக நின்றுவிடுவது. அந்த வட்டத்துக்குள் யாரும் வரமாட்டார்கள். இரண்டு பேராகப் போங்கள், மண்டபத்தில் பிரிந்துவிடுங்கள். காபி டம்ளர் இடது கையில் இருக்கட்டும், வலது கை காலியாக இருக்க வேண்டும். இருவர் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே போகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார்கள் என்றால் இடம் இருக்கிறது. ஏழெட்டு நிமிடத்தில் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்: ‘உங்க நேரத்துக்கு நன்றி சார். லிங்க்டுஇன்ல ஒரு அழைப்பு அனுப்பலாமா?’

நகர்ந்ததும் சுவரோரம் போய் விசிட்டிங் கார்டின் பின்புறம் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன பேசினோம், அவர் என்ன சொன்னார், நாம் என்ன அனுப்புவதாகச் சொன்னோம். வழவழப்பான கார்டில் ஜெல் பேனா மை காயாமல் அப்பிக்கொள்ளும். அதற்காகவே சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் இருக்கட்டும். நான்கு பேரிடம் பேசிய பிறகு யார் எதைச் சொன்னார் என்பது நிச்சயம் குழம்பும்.

மறுநாள் மதியத்துக்குள் செய்தி அனுப்புங்கள். லிங்க்டுஇன் இலவசக் கணக்கில் குறிப்போடு அழைப்பு அனுப்ப மாதத்துக்குச் சில முறைதான் அனுமதி. அதனால் அந்த வாரம் வேறு யாருக்கும் வீணாக்காதீர்கள். ‘நேற்று மாலை டிரையர் செலவு பற்றி உங்களிடம் கேட்ட மெக்கானிக்கல் மாணவன். நீங்கள் சொன்ன ஈரப்பதக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.’ இரண்டு வரி, ரெஸ்யூம் இணைப்பு இல்லாமல். பிறகு அந்தக் கணக்கை உண்மையிலேயே போட்டு, பத்து நாள் கழித்து விடையை ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்க வேண்டியது அந்தக் கடிதத்தின் கடைசி வரியில். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம்.