அம்மா சொன்ன பச்சை

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது என் பகல் வேலை. இடுக்கி மலையில் விளையும் காய் போடிமெட்டு வழியாக இங்கே இறங்குகிறது; கேரளத்துப் புற்றடியைப் போல இங்கும் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின் ஏலம் உண்டு. இரவில் டீப் லேர்னிங் (எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முறை) படிக்கிறேன், இது 3ஆம் வருஷம். கடையை விட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசில்லை.

படம் பார்த்துக் காயைத் தரம் பிரிக்க ஒரு மாடல் செய்தேன். படத்தில் இருப்பதை அடையாளம் காண 2015இல் வந்த ரெஸ்நெட் என்ற மாடல்தான் அடிப்படை. இமேஜ்நெட் என்ற பெரிய படத்தொகுப்பில் ஏற்கெனவே பயின்றது. முடிவு சொல்லும் கடைசி அடுக்கை மட்டும் என் படங்களால் பயிற்றினேன். வீட்டில் சரியாகச் சொன்னது. கடையில் வைத்ததும் நல்ல காயையெல்லாம் மட்டம் என்றது. 2 வாரம் புரோகிராமுக்குள் தப்பைத் தேடினேன்.

30 வருஷமாகக் காய் பொறுக்கும் அம்மா, கடைப் படங்களைப் பார்த்ததுமே, "மஞ்ச பல்புல பச்சை எப்படிடா தெரியும்?" என்றாள். நான் பயிற்றியதெல்லாம் பகல் வெளிச்சப் படங்கள்! இரண்டையும் கலந்து பயிற்றிய பிறகு தேறியது.

நுனி லேசாக வெடித்த காயை அவள் விரலால் உருட்டியே கண்டுபிடிக்கிறாள். அதனால், அதை எந்தப் பக்கம் திருப்பிப் படமெடுப்பது என்று இப்போது அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.