‘மலையெங்கள் மலையே’: அலகிட்ட குறிப்புகள்

2024 ஜூலை 6, சனி

குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் வளம் பாடும் இடம்:

வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்
மந்திசிந்து கனிகளுக்கு வான்கவிகள் கெஞ்சும்
கானவர்கள் விழியெறிந்து வானவரை அழைப்பார்
கமனசித்தர் வந்துவந்து காயசித்தி விளைப்பார்
தேனருவித் திரையெழும்பி வானின்வழி யொழுகும்
செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்
கூனலிளம் பிறைமுடித்த வேணியலங் காரர்
குற்றாலத் திரிகூட மலையெங்கள் மலையே

அலகிடுவது என்றால் அடியின் ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்ற அசைகளாக வெட்டி, அந்த வரிசைக்கு உரிய வாய்பாட்டுப் பெயரைச் சொல்வது. மெய்யை விட்டு எண்ணினால் ஓரெழுத்து நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து நிரை. வா/னரங்/கள் (நேர் நிரை நேர்) கூவிளங்காய். கனி/கொடுத்/து கருவிளங்காய். மந்/தியொ/டு மறுபடி கூவிளங்காய். கொஞ்/சும் தேமா. மூன்று காய் (நேரில் முடியும் மூவசைச் சீர்), கடைசியில் ஒரு மா (நேரில் முடியும் ஈரசைச் சீர்). அடிக்கு அடி இதுதான் அச்சு. புதிதாக அலகிடுபவர்கள் முதல் சீரிலேயே சறுக்குவார்கள்: ‘ன’வைத் தனி நேரசையாக வெட்டிவிட்டால் நான்கு அசை வந்து நிற்கும்.

ஜூலை 7, ஞாயிறு

சந்தி பிரித்த பதிப்பை வைத்துச் சீர் பார்க்கவே கூடாது. ஏழாம் அடியை ‘வேணி அலங்காரர்’ என்று அச்சிட்டால் முடிவில் மா போய்ப் புளிமாங்காய் வந்துவிடும். ‘வேணியலங் காரர்’ என்ற வகையுளிதான் (சீருக்காகச் சொல்லை இடையில் பிரிப்பது) சரி.

ஐந்தாம் அடியில் வா/னின்/வழி தேமாங்கனி, அதாவது நிரையில் முடியும் மூவசைச் சீர். காய் வரவேண்டிய இடம். பாடினால் இடறவில்லை, இசைப்பாட்டில் இதைக் குறை என்று பிடிப்பது வீண் வேலை.

ஜூலை 9, செவ்வாய்

வான, கான, தேன, கூன: 1, 3, 5, 7ஆம் அடிகளில் எதுகை. மற்ற அடிகள் அதில் சேரவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் தன் முன்னடியோடு மோனையால் கட்டுண்டிருக்கிறது: வா–ம, கா–க, தே–செ, கூ–கு. வகரத்துக்கு மகரமும், தகரத்துக்குச் சகரமும் இனம் என்பது தெரியாதவருக்கு இதில் பாதி கண்ணில் படாது.

அடிக்குள் கமன–காய பொழிப்பு மோனை (முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றுவது பொழிப்பு), கானவர்–வானவரை பொழிப்பு எதுகை.

ஜூலை 12, வெள்ளி

கொஞ்சும்–கெஞ்சும், அழைப்பார்–விளைப்பார், ஒழுகும்–வழுகும் என்று வந்த இயைபு (அடிகளின் இறுதி ஒலி ஒன்றுவது) காரர்–மலையே என்ற இடத்தில் அறுகிறது. சீரும் அங்கேயே மாறுகிறது: குற்/றா/லத், திரி/கூ/ட, மலை/யெங்/கள், மூன்றும் மாங்காய் (நடு அசை நேராக வரும் காய்). ‘பரிக்காலும் தேர்க்காலும்’ இதற்கு முன்னோட்டம். காய்ச்சீரை அடுத்த சீர் நிரையில் தொடங்கினால் அந்த இணைப்பு கலித்தளை. கடைசி அடியில் மூன்று இடத்திலும் அதுவே, வேறெந்த அடியிலும் அப்படி இல்லை. ‘மலை’ இருமுறை அழுந்தி ஒலிப்பதற்கு, சொல் திரும்ப வருவதைவிட இந்தத் தளைதான் பெரிய காரணம் என்பேன். அடுத்த பாட்டின் முடிவில் ‘குற்றாலத்’ போய் ‘வளம்பெருகுந்’ என்ற விளங்காய் (நடு அசை நிரையாக வரும் காய்) வருகிறது. மூன்று கலித்தளையும் அங்கேயும் அப்படியே.