முதல் ஆயிரம் மைல் ஆயில்

போன நவம்பரில் சுபாரு பிஆர்இசட் கார் வாங்கினேன். 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் எதிரெதிராகப் படுத்திருக்கும்), ஆறு கியர் மேனுவல், 7500 ஆர்பிஎம் வரை சுழலும். முதல் ஆயிரம் மைலுக்கு 4000-ஐத் தாண்டாதே என்கிறது கையேடு. தாண்டவில்லை. கோவை கணபதியில் அப்பா நடத்திய எஞ்சின் சிலிண்டர் போரிங் பட்டறையில் வளர்ந்தவன் நான். புதிதாக ஹோனிங் செய்த, அதாவது உள்சுவரில் நுண்ணிய கோடுகள் போட்ட, சிலிண்டருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

ஜனவரிக் கடைசியில் ஆயிரம் மைல் ஆனதும் ஆயிலை மாற்றினேன். கம்பெனிக் கணக்குப்படி 6000 மைல் வரை தேவையில்லை. ஆனால் ஒரு புது எஞ்சினின் முதல் ஆயில் ஒரு தடவைதான் கிடைக்கும். சூடு ஆறுவதற்குள் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, முதலில் வருவதைக் கொஞ்சம் ஓடவிட்டு, பாதியில் பாட்டிலை நீட்டிப் பிடித்தேன். முதல் ஓட்டத்தில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் அழுக்கும் அடிக்கசடும் சேர்ந்து விழும், கணக்கு கெட்டுவிடும். ஆயிலில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும், இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வேனில் இருக்கும் பிளாக்ஸ்டோன் ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பினேன்.

வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரும்பு 38 பிபிஎம் (பத்து லட்சத்தில் 38 பங்கு), தாமிரம் 41, அலுமினியம் 14, சிலிக்கான் 112. பக்கத்துக் கட்டத்தில் இதே வகை எஞ்சின்களின் சராசரி போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் என்னுடையது பல மடங்கு.

அந்தச் சராசரிதான் முதலில் குழப்புகிறது. அதில் பெரும்பாலும் நன்றாக ஓடிப் பழகிய எஞ்சின்கள். அவற்றோடு ஆயிரம் மைல் ஓடிய எஞ்சினை நிறுத்திப் பார்ப்பது சரியில்லை. தனித்தனி எண்ணையும் நம்பக் கூடாது, எது எதோடு சேர்ந்து ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டரைத் தாண்டி மண் உள்ளே போனாலும் சிலிக்கான் ஏறும்; ஆனால் மண் போனால் பிஸ்டனும் அதைச் சுற்றியிருக்கும் ரிங்கும் தேயும், இரும்பும் அலுமினியமும் கூடவே எகிறும். பாக்ஸர் எஞ்சினின் பிளாக் இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு, நடுவே சிலிக்கான் பசை போட்டு இணைக்கப்படுகிறது. அந்தப் பசையிலிருந்து புதிதில் சிலிக்கான் கசியும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, உள்குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. மண் இல்லை, பசைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஈயம் பூஜ்யம் என்று இருந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் ஈயம் ஏறினால் பேரிங் போகிறது என்று அர்த்தம். இன்றைய பேரிங்குகள் பலவற்றில் ஈயமே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுக் கருவி ஆயிலைப் பிளாஸ்மா வெப்பத்தில் எரித்து, வரும் ஒளியை வைத்து உலோகங்களை எண்ணுகிறது. சில மைக்ரான் அளவுள்ள துகள்கள் வரைதான் அதற்கு ஒழுங்காகத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற துண்டு உள்ளே உடைந்து விழுந்திருந்தாலும் ரிப்போர்ட் நன்றாகவே வரலாம். அதனால் ஃபில்டரையும் வெட்டினேன். இந்த வண்டியில் அது எஞ்சினுக்கு மேலேயே நிற்கிறது, கழற்றுவது சுலபம். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை அறுத்து, ஆயிலைப் பிழிந்து, வெள்ளைக் காகிதத்தில் விரித்து டார்ச் அடித்தேன். புடவை ஜரிகையைச் சுரண்டித் தூவியது போல நுண்ணிய மினுமினுப்பு. காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்தியதும் அதில் கொஞ்சம் நகர்ந்தது, மீதி அப்படியே கிடந்தது. நகத்தால் நிரடினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு துண்டுகூட இல்லை. காந்தத்தோடு நகர்ந்தது, ஹோனிங் கோடுகளின் கூர்முனைகள் ரிங்கோடு உரசித் தேய்ந்த தூளாக இருக்க வேண்டும். 

மறுநாள் அப்பாவிடம் போனில் ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்பரெல்லாம் இருக்கட்டும் கண்ணு, பெட்ரோல் வாடை அடிக்குதா? மோந்து பாத்தியா?" என்றார்.

"இல்லீங்கப்பா, பாக்கல."

பழைய ஆயில் கராஜில் கேனில் இன்னும் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெட்ரோல். விரலில் தொட்டுத் தேய்த்தபோது வழுவழுப்பே குறைவாக இருந்தது. அப்புறம்தான் ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதிக்குப் போனேன். எரிபொருள் 3.4 சதவீதம், 2-க்குள் இருக்க வேண்டியது. 100 டிகிரியில் பாகுத்தன்மை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, 6.6 சென்டிஸ்டோக். இந்த வண்டிக்கான 0டபிள்யூ-20 ரக ஆயில் என்றால் குறைந்தது 6.9 இருக்க வேண்டும். உலோகங்களின் பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்த்ததில் இந்த இரண்டையும் கவனிக்காமல் விட்டிருந்தேன். அந்த 3.4 ஆயில் தீப்பற்றும் வெப்பநிலையை வைத்துப் போட்ட மதிப்பீடு, துல்லியமானதல்ல. ஆனால் பாகுத்தன்மை, வாடை, விரல் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின.

காரணம் என் ஓட்டம்தான். மிச்சிகனில் ஜனவரிக் குளிர், வீட்டிலிருந்து ஆபீஸ் நான்கு மைல். ஆயில் டெம்பரேச்சர் 60 டிகிரியை எட்டும்போது நான் பார்க்கிங்கில் இருப்பேன். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சப்படும். சிலிண்டர் சுவரோடு இன்னும் படியாத ரிங்குகள் வழியாக அது கீழே ஆயிலில் இறங்கும். ஆயில் சூடேறினால்தான் அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறும். ரிங் படிவதற்கும் மென்மையாக ஓட்டுவது மட்டும் போதாது. எரிப்பறையின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ள வேண்டும். அதற்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். நான் வண்டியைப் பொத்திப் பொத்தி ஓட்டி சூடு, பாரம் இரண்டையும் கொடுக்காமல் விட்டிருந்தேன்.

அன்றிலிருந்து சின்ன தூரத்துக்குப் பழைய கரோலாதான். ஞாயிற்றுக்கிழமை காலை பிஆர்இசட்டை எடுத்துக்கொண்டு யுஎஸ்-23-இல் ஆன் ஆர்பர் வரை போய் வருகிறேன். ஆயில் 90 டிகிரியைத் தாண்டிய பிறகு மூன்றாவது, நான்காவது கியரில் நன்றாக மிதித்து, பிறகு காலை எடுத்து எஞ்சினே வேகத்தைக் குறைக்க விடுவேன்.

ஜூனில் 4000 மைல் ஆனது. இரண்டாவது ஆயில் 3000 மைல் உழைத்திருந்தது. இரும்பு 17. ஆயிரம் மைலுக்கு ஆறுக்கும் கீழே, முன்பு 38. அதிலும் வடியாமல் உள்ளே தங்கிய பழைய ஆயிலின் பங்கு கொஞ்சம் உண்டு. தாமிரம் 19, சிலிக்கான் 41. உராய்வைக் குறைக்க ஆயிலில் சேர்க்கும் மாலிப்டினம் பல மடங்கு இறங்கியிருந்தது. அது தேய்மானம் அல்ல, தொழிற்சாலையில் ஊற்றி அனுப்பும் ஆயிலில் அது தாராளம், நான் ஊற்றியதில் குறைவு. எரிபொருள் அரை சதவீதத்துக்கும் கீழே. பாகுத்தன்மை 8.1.

இந்தத் தடவை பாட்டிலை மூடுவதற்கு முன்பே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.