விமானி ஆக எந்த வயதில் கிளம்பலாம்?

இந்தியாவில் மாணவ விமானி லைசென்ஸுக்கு 16 வயது, வணிக விமானி லைசென்ஸான சிபிஎல்லுக்கு 18 வயது ஆனால் போதும். ஏர்லைனில் 65 வரை பறக்கலாம். பெற்றோர் பலரும் அந்த 18-ஐப் பிடித்துக்கொண்டு பரபரக்கிறார்கள். 65-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பதற்றம் குறையும்.

ஒருவர் முப்பதில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். அதற்கு ஆறேழு மாதம். பிறகு 200 மணி நேரப் பறப்பு. ஒரே வருடத்தில் முடித்துத் தருவதாக ஃப்ளையிங் ஸ்கூலில் சொல்வார்கள். ஒன்றரை, இரண்டு வருடம் இழுப்பது சகஜம். மழைக்காலம், வடக்கே டிசம்பர், ஜனவரி மூடுபனி, உதிரி பாகம் வராமல் ஹாங்கரிலேயே (விமானக் கொட்டகையிலேயே) கிடக்கும் செஸ்னா பயிற்சி விமானம், பாதியில் வேலையை விட்டுப்போகும் இன்ஸ்ட்ரக்டர் என்று நாள்கள் கரையும். சேரும் முன் மொத்தம் எத்தனை விமானம் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று காலை பறந்தவை எத்தனை, மாணவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் விடிகாலையில் நேரில் போய் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து ஏ320 போன்ற ஒரு விமான ரகத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங், ஏர்லைன் தேர்வு, பயணிகளோடு பறந்தே பழகும் லைன் ட்ரெய்னிங். எல்லாம் கூடிவந்தால் 34, 35-ல் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. அப்போதும் முப்பது வருடப் பணி மீதம் இருக்கிறது. மாதம் 60, 70 மணி பறந்தால், கேப்டன் ஆகத் தேவையான லைசென்ஸான ஏடிபிஎல்லுக்கு வேண்டிய 1500 மணி, பயிற்சியில் பறந்த 200-ஐயும் சேர்த்து, இரண்டு வருடத்துக்குள் சேர்ந்துவிடும்.

சீக்கிரம் வருபவருக்கு உண்மையான லாபம் சீனியாரிட்டிதான். பெரும்பாலும் கேப்டன் பதவியும் பெரிய விமானமும் சேர்ந்த தேதியின் வரிசைப்படியே வரும். கம்பெனி மாறினால் மறுபடி கடைசி இடம்.

அதற்காகப் பள்ளி முடித்த கையோடு ஓட வேண்டியதில்லை. பட்டம் கையில் இருக்க, 21 முதல் 25-க்குள் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. 2012-ல் கிங்ஃபிஷரும், 2019-ல் ஜெட் ஏர்வேஸும், 2023-ல் கோ ஃபர்ஸ்ட்டும் என ஏர்லைன்கள் நின்றபோது அனுபவசாலிகளே வேலை தேடி அலைந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் புது சிபிஎல்காரருக்கு வாய்ப்பு எங்கே? பறக்காமல் இருக்க இருக்க கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகும், கைப்பழக்கம் போகும், கடனுக்கு வட்டி ஏறும். இன்னொரு படிப்பு இருந்தால் அந்த இடைவெளியைத் தாண்டலாம்.

எந்த வயதானாலும் முதல் செலவு மருத்துவப் பரிசோதனையாக இருக்கட்டும். தொடக்கநிலைச் சான்றான கிளாஸ் 2 முடித்த கையோடு, சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1 எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுப் பார்வை சரியானால் தடையில்லை. நிறப்புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கத் தடுமாறினால்தான் சிக்கல், அது பயிற்சியால் சரியாகாது. முப்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி மூன்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. மருத்துவச் சான்று கைக்கு வந்தபிறகு கட்டணம் கட்டுங்கள், அதையும் பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாக.