பட்டம் கையில், வேலை எங்கே?

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்கா முன்னால் பட்டதாரிகள் அரச வேலை கேட்டு மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது ஞாபகம் இருக்கும். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் அரச சேவைக்குப் பயிலுநர்களாக எடுத்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கதவும் இறுகிவிட்டது.

"பொடியன்கள் அரச உத்தியோகம்தான் வேணும் என்று குந்தி இருக்கிறாங்கள்" என்று திட்டுவது லேசு. தனியாரில் என்ன இருக்கிறது? கடையில் நின்றால் நியமனக் கடிதமும் இல்லை, சில இடங்களில் ஈபிஎஃபும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. (பென்சன் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறவர்களும் நாங்கள்தானே!) வாழைச்சேனைக் காகித ஆலை ஒழுங்காக ஓடிய காலத்தில் எத்தனை குடும்பம் அதை நம்பி வாழ்ந்தது. இப்போது நெல், பால், மீன் எல்லாம் இங்கே விளைகிறது. பெரும்பாலும் அப்படியே லொறி ஏறிப் போகிறது. பதப்படுத்தும் வேலை இங்கேயே நடந்தால் பாதிப் பேர் கட்டாருக்கு விசா தேட மாட்டார்கள்.

கலைப்பிரிவில் படிக்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலேயே என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) பயிற்சி ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். பெண் பிள்ளைகள் வேலைக்குப் போய்வர முதலில் மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஓடுகிற பஸ் வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.