பாட்டுக்கு முன்னால் நான்கு நிமிடம்

மே 24, 2025, சனி

பழைய இசைத்தட்டுக் கடையில் டெம்ப்டேஷன்ஸ் என்ற பாடகர் குழுவின் 'ஆல் டைரக்‌ஷன்ஸ்' கிடைத்தது. 1972இல் வந்த ஆல்பம். உறையின் ஓரம் நைந்திருக்கிறது, தட்டு நன்றாகவே இருக்கிறது. டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் இது ஒரு வசதி. டெம்ப்டேஷன்ஸின் தட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் கம்பெனி பிறந்த ஊர் என்பதால், இங்கே யாராவது வீட்டைக் காலி செய்தால் அதன் தட்டுகளில் நாலைந்தாவது கடைக்கு வந்துவிடும்.

முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டுக்காகத்தான் வாங்கினேன். 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்'. கிட்டத்தட்ட 12 நிமிடம். பேஸ் கிட்டார் ஒரு சின்ன வரியை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அந்த இடைவெளியில் டிரம்ஸின் ஹை-ஹாட் என்ற தாளத் தட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபடி அதே பேஸ் வரி, மறுபடி இடைவெளி. அப்புறம் ஒவ்வொருவராக வருகிறார்கள்: மேலே வயலின்கள், வலப்பக்கமோ இடப்பக்கமோ என்று தெரியாமல் நெளியும் வா-வா கிட்டார், எதிரொலியோடு ஒரு டிரம்பெட், கைதட்டல். பாட்டு முழுக்க ஒரே கார்டு, அதாவது ஒரே சுரக்கூட்டு. அது மாறுவதேயில்லை, ஆனால் மாறப்போகிறது, மாறப்போகிறது என்று கடைசிவரை நம்மைக் காக்க வைக்கிறது.

திருச்சியிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் மாமனார் சோபாவில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாட்டு எப்போ மாப்ளே ஆரம்பிக்கும்?" என்றார்.

"ஆரம்பிச்சிடுச்சு மாமா."

முன்னணிப் பாடகர் டென்னிஸ் எட்வர்ட்ஸ் வாய் திறக்கக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் ஆகிறது. செப்டம்பர் 3ஆம் தேதி அப்பா செத்துப்போனார் என்று தொடங்கி, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று பிள்ளைகள் அம்மாவிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் நம்மை அவ்வளவு நேரம் நிற்க வைத்த பிறகுதான் கதவைத் திறக்கிறார் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட். முன்னிசையை வெட்டிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், கதை பாதிதான் இறங்கும்.

மே 26, திங்கள்

விடுமுறை. காலையிலேயே டெம்ப்டேஷன்ஸின் 'கிளவுட் நைன்'.

1968 வரை டெம்ப்டேஷன்ஸ் என்றால் ஒரே மாதிரி கோட்டு சூட்டு, ஒரே மாதிரி காலசைவு, மூன்று நிமிடக் காதல் பாட்டு. அந்த வருடம் முன்னணிப் பாடகர் டேவிட் ரஃபினைக் குழு வெளியேற்றியது. டென்னிஸ் எட்வர்ட்ஸ் உள்ளே வந்தார். அதே சமயம் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கமிருந்து ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் என்று ஒரு குழு கிளம்பி, ஒரு வரியை நாலு பேர் பங்கு போட்டுப் பாடிக்கொண்டிருந்தது. நாமும் இப்படிச் செய்யலாமே என்று டெம்ப்டேஷன்ஸில் பாடிய ஓட்டிஸ் வில்லியம்ஸ் விட்ஃபீல்டிடம் சொன்னபோது அவருக்கு அதில் ஆர்வமே இல்லையாம். கொஞ்ச நாளில் அவரே 'கிளவுட் நைன்' பாட்டோடு வந்து நின்றார்.

தொடக்கத்தில் அழுவது போலவும் பேசுவது போலவும் கேட்கிறதே, அது கிட்டார் வாசித்த டென்னிஸ் காஃபியின் வா-வா பெடல், காலால் மிதித்து ஒலியை நெளிய வைக்கும் கருவி. அதுவரை ராக் ஆட்களின் சாமான் அது. ஐந்து குரல்களும் வரிவரியாகக் கைமாற்றிக்கொண்டு பாடுகின்றன. யார் முன்னணி, யார் பின்பாட்டு என்ற பேச்சே இல்லை. மோட்டவுனுக்கு முதல் கிராமி விருதை வாங்கிக் கொடுத்தது இந்தப் பாட்டுதான். மென்மையான பாட்டுகள் அதுவரை எத்தனையோ வந்தும், விருது கிடைத்தது சத்தம் போட்ட பாட்டுக்கு!

மே 31, சனி

மாமாவையும் அழைத்துக்கொண்டு ஹிட்ஸ்வில், மோட்டவுன் கம்பெனி பாட்டுகளைப் பதிவு செய்த பழைய வீடு. 2648, வெஸ்ட் கிராண்ட் புலவார்ட். வெளியே இருந்து பார்த்தால் சாதாரணக் குடியிருப்பு வீடு. லிங்கன்-மெர்குரி ஆலையில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்த பெர்ரி கார்டி, 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய தொழில். கார் ஆலையில் பார்த்ததையே இங்கே கொண்டுவந்தார். பாட்டு எழுதுபவர், வாசிப்பவர், பாடுபவர், மேடையில் நடக்கக் கற்றுக்கொடுப்பவர் என்று வரிசையாகத் தாண்டித்தான் ஒரு தட்டு வெளியே போகும். வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டத்துக்குக்கூடக் 'குவாலிட்டி கன்ட்ரோல்' என்றே பெயர். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது.

மாடியில் கூரையை வெட்டி ஒரு ஓட்டை. அதற்குக் கீழே நின்று கைதட்டினால் சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டுத் தாமதமாக இறங்குகிறது. எதிரொலிக்கு அவர்களிடம் இருந்த கருவி அந்தப் பரண்தான். கீழே ஸ்டூடியோ ஏ. கூரையிலிருந்து ஒயர்கள் தொங்கிக் கிடந்ததால் வாசித்தவர்கள் இதைப் பாம்புக் குழி என்பார்களாம். நம்மூர் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது என்று சொல்ல முடியாது. இந்த அறைக்குள் டிரம்ஸ், இரண்டு மூன்று கிட்டார், பியானோ, ஆர்கன் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள்.

"வாசிச்சவங்க போட்டோ எங்க இருக்கு?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்ட அந்தக் கலைஞர்களின் பெயர்கள் பல வருடம் எந்த உறையிலும் அச்சாகவில்லை. நாட்டில் பாதிப் பேர் அவர்கள் வாசிப்புக்கு ஆடினார்கள், யாருக்கும் அவர்களைத் தெரியாது. அதனால்தான் விட்ஃபீல்டின் அந்த நீளமான முன்னிசைகள் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகின்றன. பெயர் போடாத கம்பெனி, நான்கு நிமிடம் அவர்களை மட்டும் பேசவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1971. மோட்டவுன் கம்பெனி வாசித்தவர்கள் பெயரைப் போட்ட ஆல்பம். ஹெட்போனில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். ஃபங்க் பிரதர்ஸில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசிப்பவர், தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். இந்தத் தலைப்புப் பாட்டு பதிவான இரவு, குடித்திருந்ததால் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்ததாகச் சொல்வார்கள். அப்படி வாசித்ததா இது! குரலோடு சேர்ந்து நடக்காமல், அதைச் சுற்றிச் சுற்றி இன்னொரு பாட்டுப் பாடுகிறது. 1972இல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. ஜேமர்சனும் போனார், அங்கே பழைய இடம் கிடைக்கவில்லை. 1983இல் இறந்தபோது வயது 47.

ஜூன் 7, சனி

எல்லோரும் தூங்கிய பிறகு ஃபங்கடெலிக் குழுவின் 'மேகட் பிரெய்ன்'. இதுவும் 1971, இதுவும் டெட்ராய்ட்டில் பதிவானது, ஆனால் மோட்டவுன் இல்லை. குழுவின் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் முடிதிருத்தும் கடை வைத்துக்கொண்டு நண்பர்களோடு பாடியவர். மோட்டவுனில் பாட்டாசிரியராகவும் கொஞ்ச காலம் இருந்தார்.

தலைப்புப் பாட்டு 10 நிமிடம். ஆரம்பத்தில் கிளின்டன் சில வரிகள் பேசுவதோடு சரி, மிச்சமெல்லாம் எடி ஹேசலின் கிட்டார். அப்போது அவருக்கு 20 வயதை ஒட்டித்தான் இருக்கும். உன் அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது போல வாசி, அப்புறம் அது பொய் என்று தெரிந்தது போல வாசி என்று கிளின்டன் சொல்லியிருக்கிறார். அடியில் இன்னொரு கிட்டார் ஒவ்வொரு தந்தியாக மெதுவாக மீட்டிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் ஹேசல் முதலில் முனகுகிறார், பிறகு கத்துகிறார், ஒரு கட்டத்தில் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எது புதுச் சத்தம், எது பழையது என்றே பிரிக்க முடியவில்லை.

பதிவின்போது டிரம்ஸும் பேஸும் கூடவே வாசித்தன. பதிந்த ஒலிகளைக் கலக்கும்போது கிளின்டன் அவற்றைப் பெரும்பாலும் இறக்கிவிட்டார். 2005 மறுவெளியீட்டில் முழுக் குழுவோடு உள்ள வடிவமும் இருக்கிறது. கேட்டேன், நல்ல வாசிப்புதான். இருந்தாலும் கிளின்டன் செய்ததே சரி. டிரம்ஸ் இருந்தால் நமக்குக் கால் ஊன்ற ஒரு இடம் கிடைத்துவிடுகிறது. இந்தத் துக்கத்துக்கு அது கூடாது.

ஜூன் 9, திங்கள்

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோன் போய்விட்டார். 82 வயது. வேலையில் இருக்கும்போது செய்தி பார்த்தேன், அதற்கப்புறம் மனம் எதிலும் ஒட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர்களின் 'ஸ்டாண்ட்!' போட்டேன், 1969. கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் எல்லோரும் ஒரே குழுவில். சிந்தியா ராபின்சன் டிரம்பெட், ரோஸ் ஸ்டோன் கீபோர்ட். பெண்கள் நின்று ஆடிப் பின்பாட்டுப் பாடியதோடு முடிந்துபோன காலத்தில் இவர்கள் கையில் வாத்தியம். 'எவ்ரிடே பீப்பிள்' பாட்டில் பேஸ் வாசிக்கும் லாரி கிரஹாம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஒரு சுரத்தை வாசிக்கிறார். வேறு பாட்டுகளில் கட்டைவிரலால் தந்தியை அடித்து, இன்னொரு விரலால் சுண்டி இழுப்பார். இளவயதில் அம்மாவின் குழுவில் வாசிக்கும்போது டிரம்ஸ்காரர் இல்லாமல் போக, அந்தச் சத்தத்தையும் பேஸிலேயே கொண்டுவரப் பழகினதாம் அது. இன்று உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்கள் அதைச் செய்கிறார்கள்.

ராத்திரி வுட்ஸ்டாக் இசை விழாவில் ஸ்லை பாடிய பதிவு. 1969 ஆகஸ்டில் விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் மேடையேறி, தூங்கி வழிந்த கூட்டத்தை எழுப்பி நிற்க வைக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஸ்லையின் 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்'. நேற்றைய மனிதரா இது என்று இருக்கிறது. நவம்பர் 1971. குழு கலைந்துகொண்டிருந்தது, போதைப்பழக்கம் முற்றியிருந்தது. டிரம்ஸ் இருந்த இடத்தில் பல பாட்டுகளில் டிரம் மெஷின். ஒரே டேப்பில் அழித்து அழித்துப் பதிந்ததில் ஒலியே தேய்ந்து, மங்கலாகிவிட்டது. தலைப்புப் பாட்டின் நீளம் 0:00 என்று போட்டிருந்தார்கள். அதாவது அப்படி ஒரு பாட்டே இல்லை.

சோர்ந்து போன தட்டு என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'ஃபேமிலி அஃபேர்' பாட்டில் அவர் குரல் தொண்டைக்கு மேல் எழும்பவே இல்லை. ஒரே தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளைப் பற்றி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலச் சொல்கிறார். 'ஸ்டாண்ட்!' எழுந்து நிற்கச் சொன்னது. நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் பாட்டில் வரத்தானே வேண்டும்.

ஜூன் 14, சனி

ஐசக் ஹேஸ், 'ஹாட் பட்டர்ட் சோல்', 1969. மெம்ஃபிஸ். ஆல்பம் முழுக்கவே நான்கு பாட்டுதான். பாடகி டியான் வார்விக் மூன்று நிமிடத்துக்குள் பாடி முடித்த 'வாக் ஆன் பை' இங்கே 12 நிமிடம். வாசித்திருப்பவர்கள் பார்-கேஸ். 1967 டிசம்பர் 10 அன்று பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கோடு விமான விபத்தில் அந்தக் குழுவில் பெரும்பாலோர் இறந்தார்கள். டிரம்பெட் வாசித்த பென் காலி பிழைத்தார். பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் அந்த விமானத்தில் ஏறவில்லை. அவர்கள் திரும்பச் சேர்த்த குழு இது. அதை நினைத்துக்கொண்டு கேட்டால், அவசரமே படாத அந்தப் பேஸ் வேறு மாதிரி கேட்கிறது.

ஜூன் 21, சனி

டெம்ப்டேஷன்ஸின் 'மாஸ்டர்பீஸ்', 1973. தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட 14 நிமிடம், அதில் அவர்கள் பாடுவது கொஞ்சம்தான். நகரத்து ஏழைச் சேரியில் பிறந்து வளர்வதைப் பற்றிய பாட்டு. வாசிப்பு அருமை, ஆனால் இந்தத் தடவை காத்திருப்பதற்குக் காரணம் தெரியவில்லை. 'பாப்பா' பாட்டில் முன்னிசையின் ஒவ்வொரு இடைவெளியும் அந்தப் பிள்ளைகளின் கேள்விக்கு இடம் போட்டு வைத்தது. இங்கே குரல் வந்து போகிறது, அது வராவிட்டாலும் வாசிப்பு இப்படியேதான் ஓடியிருக்கும் என்று தோன்றுகிறது. பாடுபவர்களைவிட இசைக்குத்தான் விட்ஃபீல்ட் இடம் தருகிறார் என்று குழுவினர் குறைப்பட்டார்கள். 'பாப்பா' வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். அப்போது அவர்கள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை, இதைக் கேட்டபின் சரிதான் என்கிறேன். இதற்கடுத்து ஒரு ஆல்பத்தோடு இரு தரப்பும் பிரிந்தன. விட்ஃபீல்ட் பிறகு ரோஸ் ராய்ஸ் என்ற புதுக் குழுவை வைத்து 1976இல் 'கார் வாஷ்' பாட்டைக் கொடுத்தார். கைதட்டலில் தொடங்கும் அந்தப் பாட்டில் யாருக்கும் குறை இருந்திருக்காது.