பிறிஸ்டல்: மார்ச்சில் ஒன்று, செப்டெம்பரில் வேறொன்று

அமெரிக்காவில் நாஸ்கார் எனும் காரோட்டப் போட்டி ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கென்றால், கோடைநேரக் கணக்கில் மட்டக்களப்பில் அப்போது நள்ளிரவு தாண்டி 12.30. விடிந்தால் திங்கட்கிழமை, வேலை. ஆகவே எந்தப் பாதைக்குக் கண்விழிப்பது என்பது இங்குள்ள ரசிகருக்குப் பெரிய கேள்விதான்.

சார்லட், டெக்சாஸ், கன்சாஸ், லாஸ் வேகஸ் எல்லாம் சுற்று 1.5 மைல் கொண்ட பாதைகள். ஒரே உரலில் பிழிந்த இடியப்பம் மாதிரி இருக்கு என்று ரசிகர்கள் வருடக்கணக்காக அலுத்துக்கொண்டார்கள். மருந்தாக 2021 அட்டவணையில் இடமும் வலமும் திரும்பும் பாதைகள் ஏழாகக் கூடின. கொங்கிரீட் பாதையான பிறிஸ்டலில் மண் கொட்டி ஓடினார்கள். 2023இல் சிகாகோ நகரத் தெருவிலும் ஓட்டம் நடந்தது.

அலுப்பு தீரவில்லை, இடம்தான் மாறியது. 2022இல் வந்த புதிய காருக்கு 15 அங்குல ரிம் போய் 18 அங்குலம். டயர் அகலம், பிறேக் பெரிசு. 1.5 மைல் பாதைகளில் இந்தக் கார் நன்றாகவே முந்துகிறது. செத்துப்போனது மார்ட்டின்ஸ்வில் போன்ற குட்டிப் பாதைகள். முன்பு அங்கே பிறேக் சூடேறி, வளைவில் கார் வெளியே சறுக்கும். பின்னால் வருபவர் உள்ளே நுழைவார். இப்போது பிறேக் தாங்குகிறது. தவறினாலும் கியரை ஒன்று குறைத்து வேகத்தை மீட்டுவிடலாம். நுழைய இடமே கிடைக்காது.

பிறகு பிறிஸ்டல். சுற்று 0.533 மைல், மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தின் நீளத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 2024 மார்ச்சில் 500 சுற்றில் முன்னிலை 54 தடவை கைமாறியது. செப்டெம்பரில் அதே கொங்கிரீட், அதே 500 சுற்று. கைல் லார்சன் ஒருவரே 462 சுற்றுக்கு முன்னால் ஓடினார்.

டயர் தேய்ந்த விதத்தில்தான் வித்தியாசம். மார்ச்சில் தேய்ந்த ரப்பர் கொங்கிரீட்டில் ஒட்டவில்லை. அழிறப்பர் தூள் மாதிரி உருண்டு மேல்பக்கம் குவிந்தது. ஒட்டாததால் டயர் இன்னும் வேகமாகத் தேய்ந்தது. டயரைப் பொத்திப் பொத்தி ஓட்டியவர் பின்னாலிருந்து முன்னால் வந்தார், அவசரப்பட்டவர் விழுந்தார். செப்டெம்பரில் தேய்மானம் அப்படி இல்லை. முன்னால் நின்றவர் முன்னாலேயே நின்றார்.

பாதையின் வரைபடத்தைப் பார்த்து அலாரம் வைக்காதீர்கள். முதல் ஐம்பது, அறுபது சுற்றில் கீழ்த்தடத்தில் ரப்பர் கறுப்புப் பட்டையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் படுக்கலாம். மேலே தூள் குவிந்தால் தேத்தண்ணி போடுங்கள். பிறிஸ்டல் சனி இரவு ஓட்டமென்றால் நமக்கு ஞாயிறு விடியற்புறம். அதற்கு இந்தக் கணக்கே தேவையில்லை.